ஈரோடு ஹோட்டல் ஹாலுக்குள் ரயில் விடுவது: 45 மி.மீ. தடம், பேட்டரி, தாளிப்புப் புகை

பெருந்துறை_ரோடு

வணக்கமுங்க. ஈரோட்டில் ஒரு ஹோட்டல் ஹாலுக்குள் ரயில் ஓட்டுவது பற்றி யோசனை வேண்டும். ஹால் நீளம் 40 அடி, அகலம் 22 அடி, உயரம் 11 அடி. இரண்டு நீளச் சுவரையும் ஒட்டி ஆறாறு டேபிள், டேபிளுக்கு நாலு பேர், மொத்தம் 48 சீட். சமையல்கட்டு ஒரு குறுக்குச் சுவருக்குப் பின்னால், வாசல் எதிர்க் குறுக்குச் சுவரில். ஏசி உண்டு. மத்தியானம் இலைச் சாப்பாடு. ராத்திரி டிபன், பள்ளிபாளையம் சிக்கன், நாட்டுக்கோழி.

இப்போதைய திட்டம்: ஹாலைச் சுற்றி ஒரே வளையம். ரயில் சமையல்கட்டில் கிளம்பி, ஆர்டர் வந்த டேபிளில் நின்று, சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பார்க்க நீலகிரி ரயில் மாதிரி இருக்கணும். எந்த ஸ்கேல்? தடத்தில் கரண்ட் விடுவதா, பேட்டரியா? எவ்வளவு இறக்குமதி, எவ்வளவு கோயம்புத்தூர்ப் பட்டறையில் செய்யலாம்?

கேஜ்45

ஸ்கேல் விஷயத்தில் உங்களுக்கு யோசனையே தேவையில்லைங்க. நீலகிரி ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1000 மி.மீ. ஜி ஸ்கேல் என்ற மாடல் அளவு 1:22.5, அசலில் 22.5-ல் ஒரு பங்கு. 1000 மி.மீ.யை 22.5-ஆல் வகுத்தால் 44.4. எல்ஜிபி (ஜெர்மன் மாடல் ரயில் பிராண்ட்) தடம் 45 மி.மீ. 1968-ல் ஜெர்மனியில் எல்ஜிபி வந்தபோதே ஆல்ப்ஸ் மலையின் மீட்டர் கேஜ் ரயில்களைக் கணக்கில் வைத்துத்தான் இந்த அளவை எடுத்தார்கள். நம்ம ஊட்டி ரயிலோ, பழைய பொள்ளாச்சி வழி மீட்டர் கேஜ் ரயிலோ இந்தத் தடத்தில் அளவு பிசகாமல் உட்காரும். அகலப்பாதை வண்டிகளுக்கு இந்தப் பொருத்தம் கிடைக்காது. 1676 மி.மீ.யை அதே கணக்கில் வகுத்தால் 74.5 வரும், அந்தத் தடம் கடையில் கிடையாது.

எச்ஓ (1:87, 16.5 மி.மீ. தடம்) பார்க்க அழகுதான். ஆனால் ஒரு டம்ளர் மோரைக்கூடச் சுமக்காது. டேபிளுக்குப் பொருள் கொண்டுபோக ஜி ஸ்கேலுக்குக் கீழே யோசிக்காதீங்க.

வளைவு: எல்ஜிபியின் சின்ன வளைவு 600 மி.மீ. ஆரம். செட்டாக வாங்கினால் கூட வருவது அதுதான். கடைக்கு அது வேண்டாம். நீளப் பெட்டிகள் வளைவின் உள்பக்கம் இழுபடும், கொக்கி கழறும். 1175 மி.மீ. ஆரம் உள்ளதை எடுங்க.

கல்லாக்_கணக்கு

தடம் வாங்குவதற்கு முன்னாடி நேரத்தைக் கணக்குப் போடுங்க. இந்த மாதிரி ஹோட்டல்களில் ரயில் தோற்பது இங்கேதான்.

உங்க ஹாலில் ஒரு முழு வளையம் சுமார் 36 மீட்டர் வரும். டம்ளர் சிந்தாத வேகம் விநாடிக்கு 25 செ.மீ. ஒரு சுற்றுக்கு 144 விநாடி. ஏற்ற 30, டேபிளில் இறக்க 40. மொத்தம் 214 விநாடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கு 16 அல்லது 17 நடை. முதல் டேபிளுக்குப் போனாலும் முழுச் சுற்றுச் சுற்றித்தான் திரும்பணும். இரண்டாவது ரயில் விட்டாலும் முன்னது டேபிளில் நிற்கும்போது பின்னது காத்து நிற்கும்.

உங்க கூட்ட நேரத்தில் ஒரு மணிக்கு எத்தனை நடை தேவை? 12 டேபிளுக்கும் முதலில் ஜூஸ் அல்லது மோர், பிறகு ஸ்டார்ட்டர், கடைசியில் காப்பி என்று வைத்தால் 36 நடை. வளையம் அதில் பாதிதான் தரும். மீதியைச் சப்ளையர் கையில் கொண்டுபோவார். ஒரு டேபிளுக்கு ரயில் வந்து பக்கத்து டேபிளுக்கு வராமல் போனால் அந்தக் குழந்தை அழும். உங்களுக்கும் கெட்ட பேர்.

வளையத்தை விடுங்க. இரண்டு சுவருக்கும் தனித்தனி நேர்த்தடம், இரண்டு ரயில், போய்த் திரும்பி வருவது. தூரத்து டேபிள் 12 மீட்டர், பக்கத்து டேபிள் 2 மீட்டர், சராசரி 7. போகவர 14 மீட்டர், 56 விநாடி. ஏற்றி இறக்க 70. மொத்தம் 126 விநாடி, ஒரு ரயிலுக்கு மணிக்கு 28 நடை, இரண்டுக்கும் 56. உங்க தேவையைத் தாண்டியே வருது.

இன்னொரு லாபம். வளையம் என்றால் வாசலைக் கடக்கணும். தூக்குப் பாலமோ, திறக்கும் கேட்டோ, அதுக்கு மோட்டார், சுவிட்ச், பூட்டு எல்லாம் வேண்டும். நேர்த்தடத்தில் அது எதுவும் கிடையாது. வளைவே இல்லை, ஆகவே தடம் புரள்வதும் அரிது.

எக்ஸ்_கிளாஸ்

மேலே சொன்னதுக்கு இன்னொரு சேர்க்கை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது இன்ஜின் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் இருந்து தள்ளிக்கொண்டுதான் போகும். நேர்த்தடத்தில் அதையே செய்யலாம். ஏற்றும் முனையை மேட்டுப்பாளையம் என்று வைத்துக்கொள்ளுங்க, இன்ஜின் அந்தப் பக்கம், தட்டு வண்டி முன்னால். போகும்போது தள்ளும், வரும்போது முன்னால் நின்று இறங்கும். அசல் ரயில் நடப்பது போலவே இருக்கும். 600 மி.மீ. வளைவில் தள்ளினால் கொக்கி மடங்கி வண்டி வெளியே குதிக்கும். நேர்த்தடத்தில் அந்தத் தொல்லை இல்லை. கொக்கிக்குப் பதிலாக இரண்டு துளை போட்ட 3 மி.மீ. ஸ்டீல் பட்டையால் இணைத்துவிடுங்க.

நீலகிரி ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜினுக்கு எட்டு ஓட்டுச் சக்கரம், பின்னால் இரண்டு, நாலு சிலிண்டர். ஸ்விட்சர்லாந்து வின்டர்தூரில் செய்தது. மாடலில் நாலு சக்கரம் ஓட்டினால் போதும், மீதி நாலும் தடத்துக்கு அரை மி.மீ. மேலே சும்மா சுற்றட்டும். பல்சக்கரப் பட்டை கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவில் 12-க்கு 1 ஏற்றம் இருப்பதால் போட்டது. உங்க தடம் மட்டம், பார்வைக்கு வேண்டுமானால் நடுவில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டலாம். ஆனால் அந்தப் பல் இடுக்கில் சோற்றுப் பருக்கை விழுந்தால் எடுக்க முடியாது. என் தரப்பு, வேண்டாம்.

பெருந்துறை_ரோடு

கணக்குப் புரிஞ்சுதுங்க, நன்றி. ஆனா ரயில் சுத்தி வராட்டி குழந்தைகளுக்கு ரயில் மாதிரியே இருக்காதுன்னு வீட்டுல சொல்றாங்க.

கேஜ்45

அதுக்கு மேலே தனியா ஒரு வளையம் ஓடட்டும். அது எதையும் சுமக்காது, நீலமும் கிரீமும் அடித்த நாலு பெட்டியோடு சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை வேற, வேடிக்கை வேற என்று பிரிச்சுட்டா இரண்டுமே ஒழுங்கா நடக்கும்.

மேல் தளத்துக்கு விவரம்:

பலகை 18 மி.மீ. ஐஎஸ் 710 மரைன் பிளை, அகலம் 220 மி.மீ. தடத்தின் மையத்திலிருந்து இரு பக்கமும் 110 மி.மீ. கிடைக்கணும். தாங்கி 60 செ.மீ.க்கு ஒன்று. உயரம் தரையிலிருந்து ஏழரை அடி. அதுக்கு மேல போனால் உட்கார்ந்திருப்பவருக்குக் கூரைப்பகுதி மட்டும்தான் தெரியும். விளிம்புக்கு 50 மி.மீ. உயரத்தில் தெளிவான பாலிகார்பனேட் பட்டை, 4 மி.மீ. கனம். அக்ரிலிக் போடாதீங்க, மூணு கிலோ இன்ஜின் மோதினால் துண்டாய்த் தெறித்து இலையில் விழும்.

பலகையின் அடிப்பக்கத்தை முழுசாக மூடி, லாமினேட் ஒட்டி, சேரும் இடங்களில் சிலிக்கோன் பூசுங்க. இடைவெளி விட்டால் சக்கரத்தூளும் எண்ணெய்ப்பசைத் தூசியும் கீழே சாப்பிடுகிறவர் மேல் கொட்டும். கிரீஸ் எச்1 வகை, அதாவது உணவு ஆலைக்கு உரியது, மட்டும் போடுங்க.

சத்தம்: பிளைவுட்டில் தடத்தை நேரா திருகினால் பலகையே அதிரும். நடுவில் 5 மி.மீ. இவிஏ (நுரை ரப்பர் மாதிரி) ஷீட் வைத்து, திருகை இறுக்காமல் தலை தொட்டதும் நிறுத்துங்க. திருகு முழுசா இறங்கினால் ஷீட் வைத்த பயன் போச்சு.

தாளிப்பு

கரண்ட் தடத்திலா பேட்டரியிலா என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லலை. அதுதான் இதில் முக்கியம். வீட்டில் ஓடும் தடத்துக்கும் ஹோட்டலில் ஓடும் தடத்துக்கும் வித்தியாசம் எண்ணெய் ஆவி. பள்ளிபாளையம் சிக்கன் போடுகிற கடையில், மிளகாயும் எண்ணெயுமாய் வாணலியிலிருந்து எழும் புகை எக்ஸாஸ்டையும் மீறி ஹாலுக்கு வரும். ஏசி அதைச் சுற்றவிடும். குளிர்ந்த உலோகத்தின் மேல் அது மெல்லிய படலமாய்ப் படியும், தூசி அதில் ஒட்டும், சக்கரம் அதை உருட்டி உருட்டிக் கருப்புப் பசையாக்கும். சக்கரத்துக்கும் தடத்துக்கும் நடுவில் பொறி அடிக்கும். பொறி அடித்த இடம் கருகிக் குழியாகும், அந்தக் குழியில் இன்னும் பசை சேரும். ரயில் தயங்கித் தயங்கி ஓடி ஒரு கட்டத்தில் நின்றுவிடும்.

சுத்தம் செய்ய முயன்று கெடுப்பது அடுத்த கட்டம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கோடு விழும், அழுக்கு அதிலேயே தங்கும். ஸ்டீல் உல் கூடவே கூடாது. அதன் இழைகள் மோட்டார் காந்தத்துக்குள் ஏறி ஷார்ட் ஆக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணிதான் சரி, அதையும் தினம் கடை திறக்கும் முன் செய்யணும். 36 மீட்டர் தடத்தை ஏணி வைத்து தினம் துடைக்க ஆள் போடுவீங்களா?

டேபிள் பக்கத் தடத்தில் சாம்பாரும் ரசமும் கட்டாயம் சிந்தும். புளி பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளப்பாக்கும் என்பது நமக்குத் தெரியும், ஆனால் உப்போடு சேர்ந்து கழுவப்படாமல் நின்றால் பச்சைக் களிம்பு பிடிக்கும். தடம் இணையும் மூட்டுக்குள் அது போய்விட்டால் அங்கே மின்சாரம் போகாது.

பேட்டரி போடுங்க.

இரட்டைத்_தடம்

தாளிப்பு சொல்வது கீழ்த்தடத்துக்கு முழுக்கச் சரி. மேல் வளையத்துக்கு நான் ஒத்துக்க மாட்டேன். நாள் முழுக்க ஓடுகிற வண்டிக்கு பேட்டரி மாற்ற யாரோ தினம் ஏணி ஏறணும். தடத்தில் கரண்ட் விட்டாலும் ஒழுங்கா வயர் போட்டால் ஓடும்.

எல்ஜிபி இன்ஜினில் தடத்தைத் தொட்டுக் கரண்ட் எடுக்கும் சறுக்கும் பிரஷ் இருக்கும், படலத்தை ஓரளவு அதுவே வழிக்கும். பின்பெட்டியில் ஒரு சுத்தம் செய்யும் வண்டி, அடியில் ஃபெல்ட் பட்டை. மூட்டுகளில் சும்மா செருகும் இணைப்பு வேண்டாம், திருகு வைத்த கிளாம்ப். மூணு மீட்டருக்கு ஒரு இடத்தில் தடத்துக்கு வயர் கொடுங்க, பிரதான வயர் 2.5 சதுர மி.மீ. செம்பு. கணக்கு: 30 மீட்டர் தூரத்துக்குப் போகவர 60 மீட்டர், 0.44 ஓம். 3 ஆம்பியர் இழுத்தால் 1.3 வோல்ட் குறையும், தெரியாது. ஒரு சதுர மி.மீ. வயர் என்றால் 3 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், எட்டக் கோடியில் வண்டி தவழும்.

24 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்-ஐ (230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் பவர் சப்ளை பெட்டி) நேரா தடத்துக்குக் கொடுக்காதீங்க. வண்டி புரண்டு ஷார்ட் ஆனால் பத்து ஆம்பியரும் இன்ஜினுக்குள் மெல்லிய வயர் வழியாகப் போகும், பிளாஸ்டிக் உருகும். 3 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். 230 வோல்ட் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்).

தாளிப்பு

மேல் வளையத்துக்கு அது நடக்கும், ஆனால் அதன் தடம் சமையல்கட்டுச் சுவரை ஒட்டிப் போகாதபடி ஒரு மீட்டராவது உள்ளே வளைச்சுடுங்க. புகை வரும் கதவுக்கு மேலேதான் முதலில் பசை பிடிக்கும்.

இன்னொன்று, கீழ் ரயில் சமையல்கட்டுக்குள்ளிருந்தே கிளம்பணும் என்று யார் சொன்னது? ஜூஸ், காப்பி கவுண்டரை ஹாலுக்குள் கொண்டுவந்து அங்கிருந்து கிளப்புங்க. சுவரில் ஓட்டை வேண்டாம், ஈ வராது, ஸ்டார்ட்டர் மட்டும் மாஸ்டர் கவுண்டருக்குக் கொடுத்தால் போதும். ப்ராக் நகரத்தில் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் இருக்கும் விடோப்னா ரயில் ஹோட்டலில்கூட ரயில் பானங்களைத்தான் டேபிளுக்குக் கொண்டுவரும், சாப்பாட்டை ஆள் கொண்டுவருவார். ஹைதராபாத் பிளாட்பார்ம் 65 மாதிரி சாப்பாடே ரயிலில் வரும் கடைகள் நம்ம பக்கம் பிரபலம்தான், ஆனால் அங்கே தட்டுச் சாப்பாடு. இலை போட்ட பந்தியில் குழம்பும் ரசமும் ரயிலில் வருவது நடக்காது. சப்ளையர் கேட்டுக் கேட்டு ஊற்றுவதுதான் அந்தச் சாப்பாட்டின் ருசியே.

எச்சில் டம்ளரை அதே வண்டியில் திருப்பி அனுப்பாதீங்க. சுத்தமானதும் எச்சிலும் ஒரே தட்டில் போனால் உணவுப் பாதுகாப்பு ஆய்வில் அதைத்தான் முதலில் எழுதுவார்கள்.

மின்கலம்

பேட்டரிக்கு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) எடுங்க. சாதா லித்தியம் அயனைவிடச் சூட்டில் தாங்கும், ஆள் நடமாடும் ஹாலுக்கு அதுதான் நல்லது. 32700 அளவு செல் ஆறு தொடராக: 19.2 வோல்ட், 6 ஆம்பியர் ஹவர். முழு சார்ஜ் 21.9 வோல்ட். ஆறும் சேர்ந்து 850 கிராம் அளவு வரும். அந்த எடை இன்ஜின் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தால் பிடிப்புக்கும் நல்லது. ஓடும்போது ஒரு ஆம்பியர் இழுத்தால்கூட, பாதி நேரம் நிற்கிற வண்டி என்பதால் மத்தியானக் கூட்டமும் ராத்திரிக் கூட்டமும் ஒரே சார்ஜில் முடியும். இருந்தாலும் இரண்டு செட் வைத்து, நாலு மணிக்கு மாற்றுங்க. ஆறு செல்லுக்கான, செல்களைக் காக்கும் பிஎம்எஸ் பலகை இல்லாமல் சார்ஜ் போடாதீங்க. சாதா 24 வோல்ட் சார்ஜர் எட்டு செல்லுக்கானது, ஆறு செல்லில் செருகினால் செல் கெடும்.

சார்ஜ் போடும் இடம் கேஸ் அடுப்பு பக்கம் வேண்டாம்.

கணபதி_லேத்

கீழ்த்தடத்தில் கரண்ட் இல்லை என்று முடிவானால் தடத்தையே இங்கே செய்யலாம், பித்தளைத் தடம் இறக்குமதி எதுக்கு?

எஸ்எஸ் 304 பட்டை, 10 × 3 மி.மீ. அடியில் 15 மி.மீ. எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) ஷீட், வெள்ளை வேண்டாம், கருப்பு அல்லது பழுப்பு. சிஎன்சி ரூட்டரில் 3 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்தில் இரண்டு காடி. உள்முகத்துக்கு உள்முகம் 45 மி.மீ. பட்டையைத் தட்டி இறக்கினால் 4 மி.மீ. மேலே நிற்கும், சக்கரத்தின் விளிம்பு 3 மி.மீ.க்குள் இருந்தால் ஓடும். தண்ணி ஊத்திக் கழுவலாம். பட்டை மூணு மீட்டர் என்றால் 20 டிகிரி வித்தியாசத்தில் ஒரு மி.மீ. நீளும், மூட்டில் ஒன்றரை மி.மீ. இடம் விடுங்க. எச்டிபிஇ அதைவிடப் பல மடங்கு நீளும். அதனால் ஷீட்டை ஒரு மீட்டர் துண்டாக வெட்டி, நடுவில் ஒரு திருகு மட்டும் இறுக்கி, ஓரத் திருகுகளுக்கு நீளத்துளை போடுங்க. இதை மறந்தால் ஏசி இல்லாத சித்திரை மத்தியானத்தில் தடம் வில்லாய் வளையும்.

சக்கரம்: 40 மி.மீ. விட்டம், மைல்டு ஸ்டீல் கடைசல், ஓடும் முகத்தில் 3 டிகிரி சரிவு, இரண்டு சக்கரத்தின் உள்முகத்துக்கு நடுவில் 40 மி.மீ. இந்த 40-ஐத்தான் லேத்துக்காரர் அடிக்கடி விடுவார். 45 மி.மீ. தடம் என்றதும் சக்கரத்தை 44-க்கு வைப்பார், தடத்துக்குள் இறங்காது. வரைபடத்தில் அந்த அளவுக்கு வட்டம் போட்டுக் கொடுங்க. அச்சுக்கு 5 மி.மீ. சில்வர் ஸ்டீல், இரு முனையிலும் பால் பேரிங்.

மோட்டார்: 37 மி.மீ. விட்ட 24 வோல்ட் கியர் மோட்டார், 200 சுற்று, கியர் உலோகமாய் இருக்கணும். 40 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 126 மி.மீ. போகும். விநாடிக்கு 25 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 120 சுற்று. 19 வோல்ட்டில் அந்த மோட்டார் 160 தரும், கையிருப்போடு ஓடும். வளைய ரயில் ஒரு நாளில் எட்டு மணி நேரம் ஓடினால் 7 கிலோமீட்டர், மாதத்துக்கு 200-ஐத் தாண்டும். பொம்மை மோட்டாரின் கார்பன் பிரஷ் அதுக்காகச் செய்ததல்ல. மேல் வளையத்துக்கு இரண்டு இன்ஜின் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்க, ஒரு செட் பிரஷ் கையில் இருக்கட்டும்.

மேல்கூடு 3டி பிரின்ட். பிஎல்ஏ வேண்டாம், 60 டிகிரியில் தொய்யும். மூடின கடையில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் இன்ஜின் மூக்கு தொங்கிப்போகும். பிஇடிஜி அல்லது ஏபிஎஸ்.

பெருந்துறை_ரோடு

அருமைங்க அண்ணா. டம்ளர் சிந்தாம இருக்க என்ன செய்யறது? எங்க கடையில ஜூஸ் கிளாஸ் 300 மி.லி., உள்விட்டம் 70 மி.மீ. காப்பி டபரா டம்ளர்.

டபரா

வளைவில்தான் சிந்தும் என்று எல்லோரும் நினைப்பார்கள். விநாடிக்கு 25 செ.மீ. வேகத்தில் வளைவு ஒன்றும் செய்யாது. சிந்துவது நிறுத்தும்போது.

400 மி.மீ. தூரத்தில் மெதுவாக நிறுத்தினால் 70 மி.மீ. கிளாசில் திரவத்தின் விளிம்பு அரை மி.மீ.கூட ஏறாது. 20 மி.மீ.யில் டக்கென்று நிறுத்தினால் 5 மி.மீ.க்கு மேல் ஏறும், அலை திரும்பி அடிக்கும்போது அதைப் போல இரண்டு பங்கு. ஆகவே டேபிளுக்கு 40 செ.மீ. முன்னாடியே வேகம் இறங்கத் தொடங்கணும், மூணு விநாடி எடுக்கணும். கிளம்பும்போதும் அதே மூணு விநாடி. அவசரத்துக்கு டக்கென்று நின்றாலும் சிந்தாமல் இருக்க, விளிம்புக்கு 15 மி.மீ. கீழேயே ஊற்றச் சொல்லுங்க.

வேகத்தில் இன்னொரு கண்ணி உண்டு. 70 மி.மீ. கிளாசில் திரவம் தானாக ஆடும் வேகம் விநாடிக்கு 3.6 தடவை. தட்டு வண்டிக்கு எல்ஜிபியின் 31 மி.மீ. சக்கரம் போட்டால் ஒரு சுற்று 97 மி.மீ. விநாடிக்கு 35 செ.மீ. போகும்போது சக்கரம் சரியாக 3.6 சுற்றுச் சுற்றும். சக்கரத்தில் துளி கோணல் இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு விழுந்து, போகப் போகத் தளும்பல் பெருகும். நேர்த்தடத்தில் சீராக ஓடும் ரயிலில் காரணமே இல்லாமல் சிந்துகிறது என்றால் இதுதான். 25-லேயே நிற்பது அதனாலும் நல்லது.

தட்டு: 1.2 மி.மீ. எஸ்எஸ் தகடு, நாலு துளை, கிளாஸ் அடிப்பக்கத்தைவிட 3 மி.மீ. பெரிசு, விளிம்பில் சிலிக்கோன் வளையம். துளைக்கு 30 மி.மீ. கீழே இன்னொரு தகடு, கிளாஸ் அதில் உட்காரும். நாலு கிளாஸ் நிரம்பினால் இரண்டு கிலோவுக்கு மேல், ஆகவே வண்டியின் அடியில் ஒரு கிலோ ஸ்டீல் பட்டை திருகிவிடுங்க. ஒரு பக்கத்து இரண்டு கிளாசையும் முதலில் எடுத்தால் வண்டி கவிழாது. காப்பி டம்ளருக்குத் தனித் தட்டு. டபராவோடு சேர்த்து வைத்தால் அது அகலம், வண்டிக்கு விட்ட இடத்தைத் தாண்டி வெளியே வந்து சுவரில் உரசும். டம்ளர் ரயிலில், டபரா டேபிளில் முன்னாடியே. இளநீர் வேண்டாம், அடி உருண்டை, எந்தத் துளையிலும் நிற்காது.

ரீட்_சுவிட்ச்

நிறுத்தும் இடம். டேபிளுக்கு இரண்டு காந்தம் தடத்தின் நடுவில்: ஒன்று 400 மி.மீ. முன்னால், ஒன்று நிற்கும் இடத்தில். வண்டிக்கு அடியில் காந்தத்தை உணரும் ஹால் (Hall) சென்சார். எண்ணிக்கையை வைத்து டேபிள் நம்பர் கண்டுபிடிப்பது சுலபம், ஆனால் ஒரு காந்தத்தை விட்டால் அதுக்கப்புறம் எல்லா ஆர்டரும் பக்கத்து டேபிளுக்குப் போகும். கவுண்டருக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை பூஜ்யமாகணும். ஆர்எஃப்ஐடி ஒட்டு (ரேடியோ அலையில் எண்ணைப் படிக்கும் ஸ்டிக்கர்) போட்டால் அந்தத் தொல்லை இல்லை, ஒவ்வொரு டேபிளுக்கும் தனி எண். ஆனால் ஒட்டுக்குக் கீழே எஸ்எஸ் தகடு இருந்தால் படிக்காது. கணபதி சொன்ன எச்டிபிஇ தடத்துக்குப் பிரச்சினை இல்லை. அந்த ஷீட்டைத் தகடு மேல் வைப்பீங்களானால் உலோகத்துக்கென்று வரும் ஒட்டு வாங்குங்க.

ரயிலைக் கட்டுப்படுத்த இஎஸ்பி32 என்ற சின்ன கம்ப்யூட்டர் பலகை போதும். கடை வைஃபையில் சேர்க்காதீங்க, ஞாயிறு மத்தியானம் நூறு செல்போன் நடுவில் கட்டளை தாமதமாகும். இஎஸ்பி-நவ் முறையில் நேரடியாகப் பேசட்டும். ஒரு விநாடி சிக்னல் வரலைன்னா வண்டி தானா மெதுவாக நிற்கணும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடியில் கவுண்டரில் உள்ள கட்டுப்பாட்டுப் பலகை அணைந்து எரியும். எரிந்ததும் பழைய கட்டளையை நினைவில் வைத்து ரயிலைக் கிளப்பக் கூடாது. யாரோ கிளாசை எடுக்கக் கை வைத்திருப்பார். எழுந்ததும் நிலை "நில்" என்றுதான் இருக்கணும், ஆள் பொத்தானை அமுக்கினால்தான் நகரணும்.

தள்ளும் ரயில் என்பதால் கண் தட்டு வண்டியின் முன்முனையில்: விஎல்53எல்0எக்ஸ் தூர சென்சார். தட்டு மட்டத்தில், தரைக்கு இணையாகப் பார்க்கட்டும், சாய்ந்தால் தடத்தையே தடையாக நினைக்கும். 40 செ.மீ.யில் கை தெரிந்தால் மெதுவாக, 15-ல் நிறுத்து.

தடம் டேபிளுக்கு மேல் 15 செ.மீ. உயரத்தில் சுவர்ப் பக்கம் இருக்கட்டும், அடியில் இலை துடைக்கக் கை போகும். டேபிள் இல்லாத இடத்தில் தடத்தை பாலிகார்பனேட் குகையாக மூடிடுங்க, டேபிளுக்கு ஒரு ஜன்னல், 35 செ.மீ. போதும்.

சுங்கம்

இறக்குமதி பற்றி. ஸ்கேல் மாடல்களும் பொம்மைகளும் சுங்கத்தில் ஒரே தலைப்பு, 9503. 2023 பட்ஜெட்டில் அடிப்படை வரி 70 சதவீதமாக உயர்ந்தது, அதுக்கு மேல் ஐஜிஎஸ்டி. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் முத்திரை கட்டாயம். "மாடல்தான், பொம்மை இல்லை" என்று துறைமுகத்தில் வாதாடும் நிலைக்குப் போகாமல், ஆர்டர் போடும் முன்பே சுங்க ஏஜென்ட்டிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்க. மேல் வளையத்துக்கு இரண்டு இன்ஜினும் 1175 வளைவுத் தடமும் மட்டும் வெளியே, மீதி எல்லாம் கோவையில் என்பது என் யோசனை.

ஆனைமலை_கவுண்டர்

இடையில் ஒரு கேள்வி. பொள்ளாச்சியில் ஒரு ஹோட்டல் பார் கவுண்டர், 2 மீட்டர் × 60 செ.மீ. மேலே கண்ணாடி, அடியில் ரயில் ஓடணும். எச்ஓ சரியா வருமா?

கேஜ்45

60 செ.மீ. அகலத்தில் எச்ஓ வளையம் சுற்றாது. அதன் சின்ன வளைவே 360 மி.மீ. ஆரம், விட்டம் 72 செ.மீ. ஆகிவிடும். அதைவிடச் சின்ன 'என்' (N) ஸ்கேல் (1:160, 9 மி.மீ. தடம்) போடுங்க. காட்டோ என்ற ஜப்பான் மாடல் ரயில் கம்பெனியின் 249 மி.மீ. ஆர வளைவு 53 செ.மீ.க்குள் அடங்கும். கண்ணாடி 12 மி.மீ. டஃபன்டு, உங்க அளவுக்கு 36 கிலோ வரும், ஆகவே மூன்று துண்டாக வாங்கி, ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கும்படி வையுங்க. டஃபன் ஆனபிறகு துளை போட முடியாது, வயர் துளையும் கைப்பிடித் துளையும் முன்பே சொல்லிடணும். துண்டுகள் சேரும் இடத்தில் சிலிக்கோன் கேஸ்கெட், பீர் சிந்தினால் உள்ளே இறங்கக் கூடாது. குளிர் கிளாஸ் வைத்த இடத்துக்கு நேர் கீழே உள்பக்கம் பனி பிடிக்கும், 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்று உள்காற்றை நகர்த்தினால் போதும். விளக்கு எல்இடி மட்டும்.

பெருந்துறை_ரோடு

எல்லாருக்கும் நன்றிங்க. முடிவு: கீழே இரண்டு நேர்த்தடம், உள்ளூர்த் தடம், எல்எஃப்பி, கவுண்டரிலிருந்து. மேலே ஒரு வளையம், தடத்தில் கரண்ட். எதை முதலில் செய்வது? தச்சர் வரும் வாரம் வருகிறார்.

கணபதி_லேத்

தச்சரை நிறுத்துங்க. முதலில் மூணு மீட்டர் தடமும் ஒரு தட்டு வண்டியும் மட்டும் செய்து, மோட்டார் இல்லாமல் கையால் தள்ளிப் பாருங்க. நாலு கிளாஸ் தண்ணி வைத்து, இரண்டு மூட்டைத் தாண்டணும். மூட்டில் தட்டினால் பட்டை முனையை அரம் போட்டு அரை மி.மீ. சரித்துவிடுங்க. அது சிந்தாமல் போனபிறகு மோட்டார், அதுக்கப்புறம் சென்சார், கடைசியாகத்தான் மேல்கூடு. தட்டின் அகலம் முடிவானால்தான் பலகை எத்தனை அகலம், டேபிளைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளணும் என்பது தெரியும். அந்த அளவைத் தச்சருக்குக் கொடுங்க.

மேல் வளையத்தின் தாங்கி மட்டும் இப்பவே அடிச்சுக்கலாம். ஏசி குழாயும் பெயின்டும் முடியறதுக்கு முன்னாடி 2.5 வயருக்குக் குழாய் பதிச்சுடுங்க, மூணு மீட்டருக்கு ஒரு பெட்டி.